முள்ளைக் கழித்து ஊரைக் காத்த கங்காதரனாருக்கு

தீயணைப்புப் பிரிவின் திலகமே! மணி ஒலிக்குமுன் மதிலோரம் நிற்கும் மாண்பாளரே! காலையில் கடிந்துவிட்டுக் கையோடு தேநீர் வாங்கித் தரும் கனிந்த நெஞ்சரே! இன்றோடு சீருடை களையும் தங்களுக்கு, கண் கலங்கக் கை கூப்புகிறோம்.

எண்பத்து மூன்றில் தாங்கள் நம் அரசு ஆலைக்கு மாற்றலாகி வந்தபோது, கிழக்கு மதிலுக்கு வெளியே ஆலை நிலமெங்கும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதை ஒட்டி ஓலைக் குடிசைகள். பங்குனி பிறந்தால் எங்காவது புல் பற்றும். நாங்கள் வண்டியில் பறந்து போய் அணைத்துவிட்டு மீசையை முறுக்குவோம். "பற்றியதை அணைப்பது பெரிதா? பற்றாமல் பார்ப்பதல்லவா வேலை!" என்று, குழாய் பிடித்த எங்கள் கையில் வெட்டரிவாளைத் தந்தீர்கள். பொங்கல் முடிந்ததும் தாழ்ந்த கிளைகளைக் கழித்து, மரத்துக்கு மரம் இடைவெளி விட்டு, மதிலோரப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்க வைத்தீர்கள். முள் தைக்காத கால் எங்களில் எவருக்குண்டு? அப்போது தங்களை வாயாரத் திட்டினோம் ஐயா, மறைப்பானேன்!

பாராட்டு மடலில் பிழையை எழுதலாமா என்று நம் மனோகரன் தடுத்தார். எழுதாவிட்டால் தாங்களே கோபிப்பீர்கள். வெட்டிய முள்ளும் அரசுச் சொத்தாம். ஏலம் விடாமல் ஒரு குச்சியும் போகக்கூடாதாம். முதலாண்டு அதைத் தலைமேல் கொண்டு, முள்ளையெல்லாம் வரிசை வரிசையாய் அடுக்கச் சொன்னீர்கள். ஏலம் வரவில்லை, சித்திரை வந்தது. நின்ற முள்ளைவிட அடுக்கிய முள்ளல்லவா காய்ந்து கிடந்தது! எவனோ எறிந்த பீடித் துண்டில் அந்த முள் போர் பற்றி, பொறி பறந்து, வேம்புலியம்மாளின் குடிசையும் ஆட்டுக் கொட்டிலும் சாம்பலாயின. ஆளும் ஆடும் பிழைத்தது தெய்வச் செயல். "இன்னா சாரு, காஞ்ச முள்ள எங்க ஊட்டாண்ட அடுக்கி வச்சிகினு, நெருப்பு வராம பாத்துக்கறேன்றியே?" என்று அந்த அம்மாள் கேட்டபோது, தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நின்றீர்கள். மறுநாள் விடுப்பு எடுத்துக் கீற்று சுமந்தீர்கள். பின்னாலேயே நாங்களும் வந்தோம்.

அடுத்த தை முதல், வெட்டிய முள்ளை அன்றன்றே ஊர்ப் பெண்கள் விறகுக்குக் கொண்டுபோக விட்டீர்கள். விளக்கம் கேட்டு மேலிடத்து ஓலை வந்தது. "கொடுத்தவன் நான், தண்டனையும் எனக்கே" என்று பதில் எழுதினீர்கள். வரவேண்டிய பதவி உயர்வு வரவேயில்லை. அந்த ஆத்திரம் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை. தாங்களோ சிரித்துக்கொண்டே அரிவாளுக்குச் சாணை பிடித்தீர்கள். தொண்ணூற்றொன்று கத்திரி வெயிலில், ஏரிப் பக்கமிருந்து காற்றோடு சீறி வந்த நெருப்பு, கழித்த இடத்தில் கிளையேற வழியின்றித் தரையோடு தவழ்ந்து, செதுக்கிய மண்ணில் அவிந்தது. ஒரு கீற்றும் கருகவில்லை. குடிசைப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடி வந்ததும் தாங்கள் விம்மி அழுததை நாங்கள் பார்த்தோம்.

இந்த ஆண்டு மேலிடத்தில் மறுபடி ஏலப் பேச்சு எழுந்து, வேலை நின்றுபோயிற்று. வெட்ட வெட்டத் துளிர்க்கும் சாதியல்லவா கருவேலம்! மாசியும் பிறந்துவிட்டது, புல் காய்கிறது. ஓய்வு பெறும் மகிழ்ச்சி இல்லாமல், ஒரு மாதமாய்த் தங்கள் கண் கிழக்கு மதிலையே சுற்றுவதை அறியோமா? வேம்புலியம்மாளும் வாயிலுக்கு வந்து, "சாரு பூட்டாருன்னா இனிமே யாரு நைனா வெட்டுவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்புத் தலைவரே! துணைவியார் தாட்சாயிணி அம்மையாருடன் வேப்பம்பட்டுப் புதுமனையில் நோய் நொடியின்றி நீடு வாழ்க! எந்த மணி அடித்தாலும் எழாமல் நிம்மதியாய் உறங்குக! ஏனெனில், நேற்று, ஞாயிறன்று, தங்களை அழைக்காமல், எவர் ஆணைக்கும் காத்திராமல், கிழக்கு மதிலோரம் முழுவதையும் நாங்களே கழித்துச் செதுக்கி முடித்துவிட்டோம். மாலைக்குள் முள்ளெல்லாம் ஊருக்குப் போய்விட்டது. விளக்கம் கேட்டு வரும் ஓலை இனி எங்கள் பெயருக்கு வரட்டும், ஐயா!

தங்கள் திட்டுக்கும் தேநீருக்கும் ஏங்கும்
தீயணைப்புப் பிரிவுத் தோழர்கள்
ஆவடி, 28-2-1994