மத்தரா மேட்டில் ஒரு வாய் ரொட்டி

— உங்க அக்காகிட்ட எதையும் உளறிடாத வொல்தாய். முதல்ல அவ வயித்துல ஏதாவது போகணும். அப்புறம்தான் வீடு. அங்க ஊர் கூடி இருக்கும்போது சொல்லிக்கலாம்.

— எனக்குத் தெரியாதா கிஃப்லய்? உன்கூடத்தானே வளர்ந்தேன். இருபது வருஷம் எல்லைக்கு அந்தப் பக்கம் கிடந்தா முறை மறந்துபோகுமா? சாவுச் சேதியைத் தனியா நின்னு சொல்லக்கூடாது. வெறும் வயித்துக்காரிகிட்ட சொல்லக்கூடாது. நீ ஆளுங்களச் சேர்த்தியா?

— எல்லை திறந்த அன்னிக்கு அதிகிராத் சந்தையில, அக்கா பையன் மெர்ஹாவியக் கடல் கொண்டுபோச்சுன்னு நீ சொன்ன பாரு, அன்னியில இருந்து அதே வேலைதான் மச்சான். அந்த இடிஞ்ச ராஜா வீட்டுச் சுவரு மேல ஏறிப் பாரு. உங்க வீட்டு வாசல்ல வெள்ளை வெளேர்னு போர்வையாத் தெரியுதுல்ல?

— அத்தனை பேரா! சின்னப் பையனுக்கு இவ்வளவு கூட்டமா?

— வரும் மச்சான், வரும். நீயும் ரெண்டு வாய் சாப்பிட்டுக்க.

— எனக்கு எதுக்கு?

— பயணம் வந்த உடம்பு. அதோ, அவளே வர்றா. நான் வீட்டுக்கு முன்னால போறேன்.

— டேய், என்னைத் தனியா மாட்டிவிட்டுட்டு ஓடாதடா! கிஃப்லய்!

— வொல்தாய்! எங்கடா ஒளிஞ்சிருக்க? ராஜா வீட்டு அடுப்படியிலயா?

— இங்கதான் அக்கா! அப்ரெஹெத் அக்கா!

— என் கண்ணே! என் ராசா! எங்க, தலையக் காட்டு. ஐயோ, பாதி மயிரைக் காணோமே! அதிகிராத்துல எவகிட்டக் குடுத்துட்டு வந்த?

— நீ மட்டும் குமரியாவா இருக்க?

— போடா. இந்தப் படியிலயே உட்காரு. எந்த ராஜாவும் எழுந்து வந்து கேக்கப் போறதில்ல. இந்தா, ஹிம்பாஷா ரொட்டி. துணியப் பிரி, சூடு இன்னும் ஆறல.

— நீ முதல்ல எடுத்துக்கக்கா.

— இன்னிக்குப் புதன்டா. விரதம். மத்தியானம் தாண்டாம நான் பச்சத் தண்ணி தொடுவேனா?

— புதனா! படுபாவி கிஃப்லய், வேற நாளே கிடைக்கலையா இவனுக்கு!

— தம்பி அக்காவப் பார்க்கறதுக்கு எதுக்குடா நாள் பார்க்கணும்?

— அதில்லக்கா... ஒரே ஒரு வாய். சாமியார் கேட்டா பாவத்த என் தலையில போடு.

— உன் தலையில ஏற்கெனவே ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. பயணம் வந்தவனுக்கு விரதம் கிடையாது. தின்னு.

— நீ தின்னாதான் நான் தின்பேன்.

— சின்ன வயசுலயும் இதையே சொல்லித்தான் என் பங்கையும் முழுங்குவ!

— ராஜா காலத்து அந்தப் பெரிய எழுத்துக்கல்லு எல்லைச் சண்டையில விழுந்துடுச்சுன்னாங்க. நிக்குதே!

— ஒட்டி நிறுத்தியிருக்காங்க. கிட்டப் போனா தழும்பு தெரியும். பேச்ச மாத்தாதடா. என் பிள்ளை எப்படி இருக்கான், அதச் சொல்லு.

— யாரு?

— யாரா! ஏழு வருஷம் முன்னால எல்லை தாண்டி உன்கிட்ட ஓடி வந்தானே, மெர்ஹாவிடா! மாமன் வீட்டுச் சோத்துல நல்லா சதை போட்டிருப்பானே. வேலை இருக்கு, பின்னால வருவான்னு கிஃப்லய் சொன்னான்.

— நீ ஒரு வாய் தின்னா சொல்றேன்.

— மிரட்டுறியா? சரி, என் பிள்ளைக்காக. ஆண்டவர் மன்னிக்கட்டும். இந்தா, கிள்ளி வாயில போட்டாச்சு. முழுங்கியும் ஆச்சு. இப்ப நீ.

— ம். நானும் தின்னுட்டேன்.

— இன்னொரு துண்டு. இன்னும் கொஞ்சம். தண்ணி குடி.

— போதும்க்கா. வா, அவன் சேதிய வீட்டுல போய்ச் சொல்றேன். அம்மா வாசலயே பார்த்துக்கிட்டு இருக்கும்.

— இரு. இப்ப என்ன அவசரம்?

— அக்கா, உன் போர்வையோட கரை ஏன் கழுத்துல இருக்கு?

— காத்துல திரும்பியிருக்கும்.

— காத்து திருப்பல. நீதான் திருப்பிப் போர்த்தியிருக்க. கரைய மேல போடுறது துக்கத்துக்குத்தானே? உனக்கு யார் சொன்னது? கிஃப்லய் சொல்லிட்டானா?

— என்னது? அவன் உன்கிட்ட சொல்லிட்டானா?

— என்கிட்ட என்னத்தச் சொல்லணும்?

— அம்மாவ...

— அம்மாவுக்கு என்ன? அக்கா, அம்மாவுக்கு என்ன?

— தபால் இல்ல, போன் இல்ல. எல்லையில துப்பாக்கி. நான் எப்படிடா சொல்லியனுப்புவேன்? அது போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. படுத்த படுக்கையில, கதவு சத்தம் கேட்டா வொல்தாயான்னு கேக்கும். நானும் ஆமாம்மா, வந்துட்டான்னு சொல்லிடுவேன்.

— அம்மா! ஐயோ, அம்மா!

— அழு. அடக்காத. அதுக்குத்தானே உன்னை வழியிலயே நிறுத்தி ரொட்டி குடுத்தேன். ஊரே உன்னோட அழறதுக்கு வந்திருக்கு.

— நான் சீக்கிரம் வந்திருக்கணும்க்கா.

— எந்த வழியா வருவ? எழுந்திரு, என் தோளப் பிடிச்சுக்க. பாரு, நம்ம வீட்டு வாசல்ல நிக்க இடமில்ல. உனக்காக நான் வீடு வீடாப் போய்க் கூப்பிட்டது ஒரு பங்கு. வந்திருக்கறது ரெண்டு பங்கு. மிச்ச சனம் யார் சொல்லி வந்துச்சோ, மகராசனா இருக்கட்டும்.

— அக்கா... மிச்ச சனத்த உனக்காக நான்தான் வரச் சொன்னேன்.