குழம்பு நீதிமன்றத்தின் இரண்டாவது சந்தாதாரர்

இருதயசெல்வி: ...சீனுவாசன் சார், அந்த எஃப் ஃபைவ் பட்டன் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? வந்ததுலேர்ந்து தட்டிக்கினே இருக்கீங்க!

சீனுவாசன்: மன்னிக்கணும்மா... புதுசா ஏதாச்சும் வந்திருக்கான்னு பாக்கறேன்.

இருதயசெல்வி: ஒரே பக்கத்தையா? என் பிரௌசிங் சென்டர்ல அத்தன சிஸ்டத்துலயும் நெட் இழுக்குது. வெளிய பாருங்க, பாதி திண்டிவனம் ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு நிக்குது. நகருங்க... "குழம்பு நீதிமன்றம்"... இது என்ன சார்?

சீனுவாசன்: ஒரு வலைப்பூம்மா. எழுதறவர் யாரோ... கோர்ட்டுல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவராம்.

இருதயசெல்வி: உங்கள மாதிரியே.

சீனுவாசன்: மாதிரி... எத்தினியோ பேர் இருக்காங்கம்மா. அவர் வீட்டுச் சமையல தெனமும் விசாரிச்சு, தீர்ப்பு எழுதறார்.

இருதயசெல்வி: "எதிரி: சொரக்காய்க் கூட்டு. குற்றம்: உப்பின்மை. தண்டனை: ஒரு மாதம் நாடு கடத்தல்"... மாதாவே! இது அவர் வீட்டம்மாவுக்குத் தெரியுமா?

சீனுவாசன்: ஐயையோ! தெரிஞ்சா அந்த மனுஷன் சோத்துக்கு எங்க போவார்?

இருதயசெல்வி: அதுவும் சரிதான். இங்க பாருங்க சார். ஆரஞ்சு கலர்ல ஒரு புள்ளி, ரெண்டு வளஞ்ச கோடு. அதான் ஃபீடு. அதத் தட்டி, ரீடர்னு உங்க பேர்ல இருக்கற இந்தப் பக்கத்துல போட்டுட்டா, அவர் எழுத எழுதத் தானா வந்து நிக்கும். நீங்க சைட்டுப் பக்கமே போக வேணாம்.

சீனுவாசன்: போகவே வேணாமா? அது மரியாதை இல்லியேம்மா. கல்யாணத்துக்குப் போகாம, பந்திச் சாப்பாட்ட மட்டும் தூக்குல அனுப்பச் சொன்னா...

இருதயசெல்வி: சைட்டு கோவிச்சுக்காது சார்.

சீனுவாசன்: அப்ப கீழ "வந்து போனவர்கள்"னு ஒரு நம்பர் இருக்கே... அது ஏறுமா?

இருதயசெல்வி: ஏறாது. அது ஏறினா உங்களுக்கென்ன, ஏறாட்டி உங்களுக்கென்ன?

சீனுவாசன்: எனக்கொண்ணுமில்ல... எழுதறவர் மனசு...

இருதயசெல்வி: போட்டாச்சு. பாருங்க, படிக்காதது நூத்துச் சொச்சம் காட்டுது.

சீனுவாசன்: படிக்காததா! எல்லாம் படிச்சதும்மா. புள்ளி, கமா மொதக்கொண்டு...

இருதயசெல்வி: அப்ப இந்த பட்டன். ஒரே தட்டு, எல்லாம் படிச்சதாயிடும்.

சீனுவாசன்: சாட்சி வேணாமா?

இருதயசெல்வி: வேணாம்.

சீனுவாசன்: சத்தியப் பிரமாணமாச்சும்...?

இருதயசெல்வி: தட்டுங்க சார்!

சீனுவாசன்: என் சர்வீஸ்ல இப்படி ஒரு கோர்ட்ட நான் பாத்ததில்ல... தட்டிட்டேன். இது என்னம்மா, "சந்தாதாரர்: இரண்டு"?

இருதயசெல்வி: இத ரீடர்ல போட்டுப் படிக்கறவங்க. ஒண்ணு இப்ப சேந்த நீங்க.

சீனுவாசன்: இன்னொண்ணு?

இருதயசெல்வி: அது... உங்களுக்கு முன்னாடியே சேந்தவங்க.

சீனுவாசன்: செல்வி! அப்ப என் எழுத்த... என் நண்பர் எழுத்த ஒருத்தர் படிக்கறாரா?

இருதயசெல்வி: இப்பத்தான் யாரோன்னீங்க?

சீனுவாசன்: இந்த சந்தோஷத்துல நண்பராயிட்டார்! உனக்குத் தெரியாதும்மா, அந்த நம்பர் ஏறுறதெல்லாம் தன் வெரலாலதான்னு மனுஷன் நொந்து போயிருந்தார். யாரும் படிக்கலேன்னா இந்த மாசத்தோட கடைய மூடிர்றதுன்னு இருந்தார். யாரா இருக்கும்? சிங்கப்பூரோ?

இருதயசெல்வி: அவ்ளோ தூரம் இல்ல சார்.

சீனுவாசன்: விழுப்புரம்?

இருதயசெல்வி: இன்னும் கிட்ட.

சீனுவாசன்: அட, உனக்குத் தெரியுமா! பேஜாரு பண்ணாதம்மா, சொல்லு.

இருதயசெல்வி: வேணாம் சார். சொன்னா நீங்க எழுதறதையே நிறுத்திருவீங்க...

சீனுவாசன்: நானா? நிறுத்துவனா? அந்தப் புண்ணியவான் யாருன்னு சொல்லு, நேராப் போயி கால்லயே விழறேன்!

இருதயசெல்வி: விழுந்துதான் ஆகணும் சார், அது உங்க வீட்டம்மா, அம்மணி அக்காதான். தெனமும் நீங்க கெளம்புனதும் வந்து, இதே சீட்ல ஒக்காந்துதான் படிக்கறாங்க. நேத்துலேர்ந்து "அப்பீல்"னு அவங்களே ஒரு வலைப்பூ எழுத ஆரம்பிச்சிருக்காங்க... அந்த ஃபீடையும் உங்க ரீடர்ல போட்டுடட்டுங்களா?