மொதல்ல காத்துக்கு வழி விடுங்கண்ணே

என்ஜினை அணைக்காதீங்கண்ணே. ஓடட்டும். டீசல் என்னோடது, உங்களுக்கென்ன?

சாரை வரச்சொல்லுங்கன்னு இன்னொரு தடவை சொன்னீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும், கண்ணுச்சாமியண்ணே. உசிலம்பட்டியில இருந்து உங்க விளாங்குடி ஒர்க்‌ஷாப் வரைக்கும் இந்த வெயில்ல ஓட்டிட்டு வந்தது எங்க வீட்டுக்காரரா, நானா? வாரா வாரம் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். ஏ.சி. போட்டா வண்டி இழுக்கலன்னு போன தடவை சொன்னேன். ஏ.சி.யை அணைச்சிட்டு ஓட்டுங்கம்மான்னீங்க. ஆகா, என்னா வைத்தியம்!

டர்போ அமுக்குற காத்து கொதிக்கும். சூடாவே உள்ள போனா வண்டி இழுக்காது; அதை ஆத்தி என்ஜினுக்கு அனுப்பத்தான் முன்னாடி இன்டர்கூலர் இருக்கு. அது மூஞ்சிக்கு நேரா, பாண்டிமுனி துணைன்னு இம்புட்டு அகலத்துக்குப் போர்டை முடுக்கி வச்சது யாரு? ஓசியில மாட்டுனேன்னு பெருமை வேற. சாமிக்குப் பின்கண்ணாடியில எடமில்லையா?

நானே கழட்டிட்டேன். எதுக்குக் கன்னத்துல போட்டுக்கிறீங்க? பூஜை ரூம்ல பத்திரமாத்தான் இருக்காரு.

அப்புறம் பாத்தா, இன்டர்கூலரைச் சுத்திச் சந்து. காத்து உள்ள போகாம ஓரமா நழுவிருது. பழைய யோகா பாயை வெட்டி அடைச்சேன். என்ஜினுக்குப் போற குழாய்ல சூடு பாக்குற மீட்டரை மொதல்லயே மாட்டி, அதே ரோடு, அதே வெயில், அதே வேகத்துல ஓட்டிப் பாத்தேன். போர்டை எடுத்ததுக்கு ஒருக்கா, பாயை வச்சதுக்கு ஒருக்கா. எழுபது டிகிரியில நின்ன சூடு அம்பதுக்கு எறங்குச்சு. சிரிக்காதீங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாருன்னு கான்வென்ட்ல சிஸ்டர் ஸ்கேலால அடிச்சுச் சொல்லிக்குடுத்தது.

இப்பப் பாய் பிஞ்சு தொங்குது. ரப்பர் ஷீட் வச்சு ஒழுங்கா அடைச்சுக் குடுங்க. அம்புட்டுத்தான்.

என்னது, சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணுமா? தாராளமா கேளுங்க. பின்சீட்டுலதான் படுத்திருக்காரு. கதவைத் தொறந்து, திரையை வெலக்கிப் பாருங்க. கதவை மட்டும் சட்டுன்னு சாத்திருங்க, குளிர் வெளிய போயிரும். கழுத்து ஒடைஞ்சு கைகால் விழுந்ததுல இருந்து அவருக்கு வேர்க்கிறதில்லண்ணே. ஏ.சி. நின்னா ஒடம்பு கொதிச்சிரும்.

ஏன் நிக்கிறீங்க? உங்க ஆபீஸ் ரூம் ஏ.சி.யைப் போட்டுட்டு வாங்க. ஆளுக்கொரு பக்கம் புடிச்சு உள்ள தூக்கிருவோம். அப்புறம் என்ஜினை அணைங்க.