காட்டூர்க் கதையை இட்டுக்கட்டியது நான்

பெயர்: தேவகி. வயது: 36. கணவர் பெயர்: துளசிங்கம். தொழில்: இறால் உரிக்கும் வேலை. முகவரி: சின்னமேட்டுக்குப்பம், பழவேற்காடு அஞ்சல், பொன்னேரி வட்டம்.

14.07.2025 அன்று பொன்னேரியில் குற்றவியல் நடுவர் முன்பு அளித்த வாக்குமூலம்.

நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்றும், சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் நடுவர் அவர்கள் இரண்டு முறை எடுத்துச் சொன்னார்கள். யோசிக்க நேரம் கொடுத்து வெளியே உட்கார வைத்தார்கள். யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். யாரும் என்னை மிரட்டியோ ஆசை காட்டியோ அழைத்து வரவில்லை. காலை பஸ்ஸில் தனியாக வந்தேன்.

முத்துராஜ் என் உடன்பிறந்த தம்பி. ஏரியில் இன்ஜின் போட் ஓட்டி வந்தான். 2021 டிசம்பர் மாதம், பக்கத்துக் குப்பத்தில் கையால் நண்டு பிடித்து விற்கும் பெண் ஒருவர், நண்டு கொண்டுவந்த தன்னை முத்துராஜ் வலைக் கொட்டகைக்குள் இழுத்துப் பலாத்காரம் செய்ததாகப் போலீசில் புகார் கொடுத்தார். அவர் பெயரை எழுதக்கூடாது என்று சட்டம் இருப்பதாகத் தட்டச்சர் கூறியதால் அந்தப் பெண் என்றே சொல்கிறேன். மறுநாள் தம்பியைக் கைது செய்தார்கள். ஜீப்பில் ஏறும்போது "நான் ஒண்ணும் பண்லக்கா" என்று அழுதான். நான் நம்பினேன். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நேரத்தில் நான் இறால் ஷெட்டில் இருந்தேன். எதையும் பார்க்கவில்லை.

அன்று மாலை ஊர்க்காரர்கள் எங்கள் வீட்டு முன்பு கூடினார்கள். என் தகப்பனார் தேசப்பன் என்னைப் பார்த்து, "தம்பி உள்ள போயிட்டான், நீ வாய மூடினு குந்தினுகீற" என்றார். அதன் பிறகு நான் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உலை வைத்து, என் செல்போனில் ஒரு ஆடியோ பேசினேன். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. அதில் அந்தப் பெண்ணின் பெயரையும், அவர் கணவர் பெயரையும், குப்பத்தின் பெயரையும் சொன்னேன். "இவ காட்டூர்லயும் ஒருத்தன் மேல இதே மாதிரி கேஸ் குடுத்தவதான், இதே பொழப்பு இவளுக்கு" என்றும் சொன்னேன். காட்டூரில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தப் பெண் காட்டூருக்குப் போயிருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த ஊர்ப் பெயர் வாயில் வந்தது, சொன்னேன். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. அதன் பிறகு அதை வாட்ஸ்அப்பில் மூன்று குரூப்புகளுக்கு நான் அனுப்பினேன்.

அரிசி வேகும் முன்பே அது வேறு ஆள் மூலம் என் கணவருக்கு வந்து சேர்ந்தது. அவர் என்னிடமே அதைப் போட்டுக் காட்டி, "உன் கொரல் மாரியே கீது" என்றார். நான் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அந்தப் பெண் கொண்டுவரும் நண்டை எங்கள் கரையில் யாரும் வாங்கவில்லை. எந்தப் படகிலும் அவரை ஏற்றவில்லை. அவர் கணவர் "காட்டூர்ல எவன்டி?" என்று கேட்டுக் கேட்டு அடித்ததாகவும், பிறகு விட்டுவிட்டுப் போய்விட்டதாகவும் ஷெட்டில் பேசிக்கொண்டார்கள். நான் கேட்டபடியே இறால் உரித்தேன்.

2024 பிப்ரவரியில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்துத் தம்பியை விடுதலை செய்தார்கள். ஊரில் பட்டாசு வெடித்தார்கள். நானும் வெடித்தேன். ஆனாலும் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். கேஸ்காரன் என்ற பேர் போகவில்லை. அவன் மங்களூர் பக்கம் போட் வேலைக்குப் போய்விட்டான்.

கடந்த ஜூன் 19-ம் தேதி பல்வலிக்காகப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனேன். எனக்கு முன் சீட்டில் அந்தப் பெண்ணின் மகள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். பத்தாம் வகுப்பு. பின் சீட்டில் இருந்தவர்கள் ஒரு ஆடியோவைச் சத்தமாக வைத்தார்கள். அது என் குரல். அதன் பிறகு ஒருவன், "ஏ காட்டூரு, இந்தப் பக்கம் திரும்பு" என்று அவளைக் கூப்பிட்டான். அவளுக்கு அதுதான் பட்டப்பெயர் என்று தெரிந்துகொண்டேன். அவள் திரும்பவில்லை. மெதூரில் இறங்கிவிட்டாள். பள்ளிக்கூடம் இன்னும் தூரம். பையை முன்பக்கமாகக் கட்டிப்பிடித்தபடி ரோட்டோரம் அவள் நடந்ததைப் பார்த்தேன். நான் இறங்கவில்லை.

மூன்று நாள் கழித்து, "நான் தேவகி பேசறேன், காட்டூர் விஷயம் பொய்" என்று இன்னொரு ஆடியோ பேசி அதே குரூப்புகளில் போட்டேன். இரண்டில் அட்மின் அழித்துவிட்டார். மூன்றாவதில் பதினோரு பேர் கேட்டார்கள். அது யார் மூலமும் எனக்குத் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவர் நண்டுகளின் கால்களைக் கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி அழுதேன். அவர் கையை நிறுத்தவில்லை. "இங்க வந்து அழுதா எனக்கு இன்னா ஆவும்? எம்பொண்ணு பஸ் ஏற மாட்டேன்றா. எங்க சொன்னா எழுதிக்குவாங்களோ அங்க போய் சொல்லு" என்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை.

நான் கோர்ட்டுக்குப் போகிறேன் என்றதும் கணவர், "முடிஞ்சி போனத இன்னாத்துக்குடி கெளற்ற?" என்றார். அந்தப் பெண்ணின் வீட்டில் இன்னும் முடியவில்லை என்றேன். தம்பி போனில், "அக்கா, நீ அப்டி சொன்னா நான் செஞ்சன்னு ஆயிடும். நைனாவ நெனச்சிப் பாரு" என்றான். அதற்கு நான், "நீ செஞ்சியா இல்லியான்னு நான் சொல்லப் போறதில்ல, எனக்குத் தெரியாது. நான் செஞ்சத சொல்லப் போறேன்" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான். இதுவரை கூப்பிடவில்லை. ஊரில் எங்களை ஒதுக்கி வைக்கப் போவதாகப் பேசுகிறார்கள். வைத்தாலும் நான் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

என் மேல் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம். இதன் நகலை அந்தப் பெண் கேட்டால், பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்காக, கொடுக்கும்படி வேண்டுகிறேன்.

இதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். 'ஆடியோ மூன்று குரூப்புகளில் பரவியது' என்று தட்டச்சாகியிருந்ததை 'மூன்று குரூப்புகளுக்கு நான் அனுப்பினேன்' என்று திருத்தச் சொன்னேன். திருத்திய இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னதெல்லாம் உண்மை.

(ஒப்பம்)
து. தேவகி