பிடில் கம்பி வாங்கச் சேலம் போனவர்

பெரியசாமி: ...பிரிச்சுப் பாக்கறதுக்கு முன்னாலயே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத, தங்கம்மா. மொதல்ல பிரி.

தங்கம்மா: பிரிக்கறனுங்க. ஏனுங்க, சேலத்துக் கடையில பிடில் கம்பிய வாழ மட்டையிலதா கட்டிக் குடுக்கறாங்களா?

பெரியசாமி: காயிதம் தீந்து போச்சுன்னான்.

தங்கம்மா: அட பாவமே. சீமையில இருந்து கம்பி தருவிக்கற மனுசனுக்கு ஒரு துண்டுக் காயிதம் கெடைக்கல.

பெரியசாமி: ஏன்டி, கோழி கூப்புட எறங்குனவன், பொழுது உழுகறப்பத்தா ஊடு வந்து சேந்திருக்கறன். ஒரு வாய் தண்ணி உண்டா? உன்ற கேலிதா முன்னால வருது.

தங்கம்மா: இந்தாங்க தண்ணி. நொம்ப அலைஞ்சிருப்பீங்க. குடிச்சுப்போட்டுக் கடைக்காரரு என்ன சொன்னாருன்னு சொல்லுங்க. நாளன்னிக்குப் பரீட்ச. மெட்ராஸு தொரசாணி முன்னால நம்ம பூவாயி பிழையில்லாம வாசிச்சாத்தா, பிடில் சொல்லிக் குடுக்கற மிஸ்ஸம்மா அவளச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயி பாட்டு டீச்சருக்குப் படிக்க வெப்பாங்க. வாசிக்கலீன்னா...

பெரியசாமி: வாசிக்கலீன்னா என்ன, குடியா முழுகிப்போவுது? குப்பனூருல எங்கக்கா மகன் சின்னத்தம்பி இருக்கறான். சொந்த ஊடு, கெணறு, நாலு எரும. நம்ம புள்ள ராணியாட்டம் இருப்பா.

தங்கம்மா: ராணிதானுங்க. நாலு எருமைக்கும்.

பெரியசாமி: பாத்தியா, பாத்தியா...

தங்கம்மா: செரி, உடுங்க. எந்தக் கடைங்க?

பெரியசாமி: செவ்வாப்பேட்டையில ஒரு கடை.

தங்கம்மா: பேரு?

பெரியசாமி: பேரெல்லாம் எவன் பாத்தான்? பெரிய கடை. உள்ள... பிடிலா தொங்குது.

தங்கம்மா: பொடலங்காயாட்டம்.

பெரியசாமி: ஆமா. கேளு, ரண்டு வெதம் வெச்சிருந்தான். ஒண்ணு வெல கூடுனது. டப்பா, டப்பா மேல படம். நா சொன்னேன், "எஸ்டேட்டுல காப்பிப் பழத்தோலு உரிக்கற பல்ப்பர் மெசினு மேஸ்திரியப்பா நானு, நமக்கெதுக்குப் படம்? படமா வாசிக்கப் போவுது? பழகற புள்ளைக்குச் சல்லிசா ஒண்ணு எடு"ன்னு.

தங்கம்மா: நல்லாக் கேட்டீங்க. மிஸ்ஸம்மாவும் அதத்தா சொன்னாங்க. பழகற புள்ளைக்குச் சல்லிசே போதுமாமா.

பெரியசாமி: பாத்தியா! எம்புத்தியும் மிஸ்ஸம்மா புத்தியும் ஒண்ணு.

தங்கம்மா: ஆனா சல்லிசுலயும் நாலு கம்பியும் நாலு வெதமாமுங்க. மொதக் கம்பி எஃகு. நடுவால ரண்டும் ஆட்டுக் கொடலு முறுக்குனது, ஒண்ணு மெல்லிசு, ஒண்ணு அதவிடத் தடி. கடைசிக் கம்பி, கொடலு மேல செப்புக் கம்பி சுத்துனது. வெள்ளி சுத்துனது வேண்டாமாமா, அது கச்சேரிக்காரங்களுக்கு.

பெரியசாமி: அடேங்கப்பா... காப்பிப் பழம் பறிக்கறவளுக்கு இதெல்லாம் எதுக்கு?

தங்கம்மா: பழம் பறிக்கற கண்ணுலதானுங்க பாக்கறன். நீங்க கொண்டாந்தது நாலும் ஒரே தடி. நாலும் ஒரே நரம்பு.

பெரியசாமி: அது... நீட்டமா ஒண்ணா எடுத்து நாலா வெட்டிக்கிட்டா சல்லிசுன்னான்.

தங்கம்மா: அவரே வெட்டிக் குடுத்தாருங்களா?

பெரியசாமி: அவருதா.

தங்கம்மா: கொடுவாள்லயா? நுனியெல்லாம் நாரு நாராக் கெடக்குது.

பெரியசாமி: மாட்டுனா உள்ள போயிரும், தெரியாது.

தங்கம்மா: செரிங்க. பழைய கம்பிய வெட்டுன எலிக்காச்சும் நல்ல பல்லு இருந்துச்சு. நாலு கம்பியயும் ஒரே எடத்துல, அருவாமனையில வெச்சு அறுத்தாப்பல கடிச்சிருந்துச்சு.

பெரியசாமி: எலிக்கு என்ன தெரியும்? வாயில அகப்பட்டதக் கடிக்கும்.

தங்கம்மா: பொட்டியத் தொறந்து, கடிச்சுப்போட்டு, மறுபடி பொட்டிய மூடி, கொக்கியும் போட்டுட்டுப் போயிருந்துச்சுங்க. பதவிசான எலி.

பெரியசாமி: ...சோறு ஆக்கியாச்சா?

தங்கம்மா: ஆவுது. இதென்னுங்க, நரம்பு மேல வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்குது?

பெரியசாமி: எது?

தங்கம்மா: பஞ்சு.

பெரியசாமி: மூட்டைக்குப் பக்கத்துல வெச்சிருந்தானோ என்னமோ.

தங்கம்மா: இருக்குமுங்க. போன சந்தையில குப்பனூரு அருக்காணி சொன்னா, உங்கக்கா ஊட்டுல கல்யாண மெத்தைக்குப் பஞ்சு கொட்ட ஆளு வரச் சொல்லியிருக்கறாங்களாமா. அந்தப் பஞ்சு கொட்டற வில்லுக்கும் இதாட்டம் ஆட்டு நரம்புதா கட்டறதாமா. மெத்த நல்லாத் தடியா வந்திருக்குதுங்களா?

பெரியசாமி: ரண்டு சாண் தடி... எனக்கெப்படித் தெரியும்? நா என்ன குப்பனூரா போனேன்?

தங்கம்மா: சே சே. நீங்க சேலம் போனீங்க.

பெரியசாமி: சேர்வராயன் சாமி மேல சத்தியமா...

தங்கம்மா: சாமிய உடுங்க. அவரு மலை உச்சியில குந்தியிருக்கறாரு. அங்க இருந்து பாத்தா குப்பனூர்ப் பாதை நொம்ப நல்லாத் தெரியுமாமா.

பெரியசாமி: வாய், வாய்... உன்ற வாய் இருக்குதே, பல்ப்பர் மெசினு தோத்துப்போவும்.

தங்கம்மா: அந்த மடியில என்னுங்க, பொடச்சுக்கிட்டு?

பெரியசாமி: வெத்தல.

தங்கம்மா: ஒரு கவுளி வெத்தலயா! மஞ்சக் கெழங்கோட!

பெரியசாமி: சேலத்துல சல்லிசா இருந்துச்சு, வாங்கியாந்தேன். மனுசன் வெத்தல போட வேண்டாமா?

தங்கம்மா: போடுங்க. மஞ்சளயும் சேத்து மெல்லுங்க.

பெரியசாமி: இந்தா... நா பச்சையாவே கேக்கறன். பொட்டப்புள்ள பிடில் வாசிச்சு என்ன ஆவப் போவுது? தொர பங்களாவுல வாசிப்பாளா? எங்க பாட்டங்காலத்துல கீழ இருந்து மலையேறி வந்தவங்க நாம. இன்னி வரைக்கும் ஒருத்தன் முன்னால தலை நிமுந்து நின்னதில்ல. சொந்தமா ஒரு கெணறு இருக்கற ஊட்டுக்கு எம்புள்ள போவட்டும்னு நெனச்சது தப்பா?

தங்கம்மா: தப்பில்லீங்க. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா.

பெரியசாமி: கேட்டா பரீட்சங்கறா.

தங்கம்மா: அதனால கம்பிகிட்டக் கேட்டுப்போட்டீங்க.

பெரியசாமி: எலின்னு சொல்றன்...

தங்கம்மா: எலிதானுங்க, எலிதா. கோவப்படாதீங்க.

பெரியசாமி: இப்ப முடிவாச் சொல்றன். கம்பி கேட்டே, கொண்டாந்தாச்சு. நாளன்னிக்கு இத மாட்டிக்கிட்டுப் போவட்டும். சத்தம் வந்தா அவ அதிர்ஷ்டம். வரலீன்னா வைகாசியில முகூர்த்தம்.

தங்கம்மா: வைகாசியா? யாரு குறிச்சது?

பெரியசாமி: ...பேசிக்கலாம்னு சொல்ல வந்தேன்.

தங்கம்மா: மஞ்சளும் வெத்தலயும் பேசி முடிச்சாப்பல இருக்குதுங்களே.

பெரியசாமி: ஆமாடி! பேசி முடிச்சாச்சு! என்ன பண்ணுவே? கூப்புடு பூவாயிய, நானே சொல்லிப்போடறன். எங்க அவ? வந்ததுல இருந்து பாக்கறன், சத்தமே காணோம்.

தங்கம்மா: இங்க இல்லீங்க.

பெரியசாமி: கிளியூருக்கு உங்கண்ணன் ஊட்டுக்கு அனுப்பிச்சிட்டியா?

தங்கம்மா: இல்லீங்க.

பெரியசாமி: பிடில் பொட்டியும் காணோம்... அவ துணிமணி வெச்ச ட்ரங்குப் பொட்டி எங்க? தங்கம்மா, புள்ள எங்க?

தங்கம்மா: குந்துங்க, சொல்றன். பரீட்ச நாளன்னிக்கு இல்லீங்க. இன்னிக்குக் காத்தால முடிஞ்சுது.

பெரியசாமி: ...என்ன?

தங்கம்மா: எலி கடிச்ச மறுநாளே மிஸ்ஸம்மாகிட்டச் சொல்லி மெட்ராஸுக்கு எழுதிப் போட்டுட்டேன். ஒரு எஃகு, ரண்டு கொடலு, செப்புச் சுத்துனது ஒண்ணு. இருக்கறதுல சல்லிசா நாந்தா பாத்துச் சொன்னேன். செவ்வாக்கெழமத் தபால்ல வந்துது. டப்பா மேல படம் கூட இல்லீங்க.

பெரியசாமி: வாசிச்சாளா?

தங்கம்மா: வாசிச்சா. தொரசாணி எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்களாமா. எனக்குக் கேக்கக் குடுத்து வெக்கல, சன்னலுக்கு வெளிய நின்னு அழுதுக்கிட்டிருந்தேன்.

பெரியசாமி: அப்ப என்னைய எதுக்குடி சேலத்துக்கு அனுப்பிச்சே?

தங்கம்மா: இன்னிக்கு ஒரு நாள் நீங்க ஊட்டுல இருக்கக் கூடாதுன்னுதா. கம்பி வாங்கப் போறேன்னு ஒரே வார்த்தையில ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு எந்த ஊருக் கடைக்குப் போவீங்கன்னு.

பெரியசாமி: புள்ள இப்ப எங்க?

தங்கம்மா: மத்தியான பஸ்ஸுல மிஸ்ஸம்மா சேலம் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அடுத்த லீவுக்குத்தா வருவா.

பெரியசாமி: பெத்தவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிக்காமயா போனா? எம்மொகத்தப் பாக்கணும்னு கூடத் தோணலயா அவளுக்கு?

தங்கம்மா: தோணாமயா? எலியப் பத்தி அவகிட்ட நா வாயே தொறக்கலீங்க. அப்பன் எனக்குக் கம்பி வாங்கச் சேலம் போயிருக்கறாருன்னு இன்னும் நம்பிக்கிட்டிருக்கறா. ஒவ்வொரு வளைவுலயும் தலைய வெளிய நீட்டி, எதிர்க்க வர்ற பஸ்ஸுல நீங்க இருக்கறீங்களான்னு பாத்துக்கிட்டேதா மலை எறங்கியிருப்பா.