நுரையீரல் புற்றுநோய் இல்லையாம்

குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டியதும் மூடுபனி பேருந்துக்குள்ளும் வந்துவிட்டது. கண்ணயர்ந்திருந்த என்னை முன்சீட்டுக் குரல் எழுப்பியது.

"எனக்கு வந்தது புத்துநோய்தானுங்க. ஆனா நுரையீரல் புத்துநோய் இல்லீங்களாம்."

சொன்னவர் குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் இருந்தவர் அவருடைய பழைய சகஊழியர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அதெப்படிங்க?"

"ஸ்கேன்ல அச்சு அசல் அதே மாதிரி கட்டி. ஒரு பக்க நுரையீரலையே எடுக்கோணும்னாங்க. கோயமுத்தூர்ல ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாத்தப்பத்தான், இது லிம்போமா, நெணநீர்ல வர்ற புத்துநோய், நுரையீரல்ல அபூர்வமா வரும், மெதுவாத்தான் வளரும்னு தெரிஞ்சுது. வாரம் ஒருக்கா, நாலு தடவ டிரிப்ஸ்ல மருந்து ஏத்துனாங்க. இப்பக் கட்டி கரைஞ்சுபோச்சு."

"அதுவரைக்கும் எப்படிங்க இருந்தீங்க?"

அவர் ஜன்னல் கண்ணாடியின் ஈரத்தைத் துடைத்தார். வெளியே மரங்கள் தோன்றித் தோன்றி மறைந்தன.

"செத்துருவேன்னு நெனச்சு, பதினோரு வருசமாப் பேசாத தம்பியக் கூப்புட்டு, மன்னிச்சுருன்னு சொல்லிப்போட்டேன்."

"பொழச்சதுக்கு அப்புறம்?"

"தெனமும் காலைல அவனே கூப்புடறான். மூச்சு எப்படி இருக்குன்னு கேக்கறான்." மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். "நேர்ல இன்னும் பாக்கலீங்க. இப்பக் குன்னூர் பஸ் ஸ்டாண்டுல எனக்காக நிக்கறானாம்."