ஒன்பதாம் கேள்வி

நல்ல பாடம் பிள்ளையின் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். இருபது வருசமாகக் கணிதம் படிப்பிக்கிற எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஐயா, நீங்கள் கல்விப் பணிமனையிலிருந்து வந்து கேட்பதற்கு முன்பே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். மாகாணக் கணிதப் போட்டிக்கான பெயர்ப்பட்டியல் வருகிற திங்களோடு மூடப்படும். தரம் பத்தில் ஆரணியைவிடக் கெட்டிக்காரி எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. அவளின் பெயர் பட்டியலில் இல்லாமல் போனது என்னால்தான். அவளின் ஆறு கிழமைப் பரீட்சைப் புள்ளிகளைத் திருத்த வேண்டும். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். மிச்சத்தை ஆறுதலாகச் சொல்கிறேன்.

தை மாதம் புள்ளிவிபரவியல் தொடங்கினோம். எது எத்தனை தரம் வருகிறதென்று எண்ணுகிற மீடிறன் அட்டவணை என்றால் புத்தகத்தில் இருப்பது யாரோ ஒரு தோட்டத்து மாங்காய்களின் நிறை. பிள்ளைகளுக்கு அதில் என்ன அக்கறை? அதனால் நிகழ்நிலைப் படிவம் ஒன்று செய்தேன். பத்துக் கேள்விகள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் வயது, உயரம், பிறந்த திகதி, பிறந்த நேரம். எங்கள் ஆட்களின் வீடுகளில் சாமான் சிட்டை தொலைந்தாலும் சாதகக் குறிப்பு தொலையாது. பிறந்த நேரம் நிமிசம்வரை அலுமாரிக்குள் இருக்கும். இவ்வளவு துல்லியமான தரவு வேறு எந்த நாட்டு ஆசிரியருக்குக் கிடைக்கும்?

"ரீச்சர், திகதி சரி. நேரம் என்னத்துக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வகுப்பாயிடை பிரிக்க, பிள்ளை" என்றேன். அது பொய்யில்லை. பிரித்தும் காட்டினேன்.

ஏழாம் கேள்வி, கலியாணம் கட்டியவரா. ஆம், இல்லை என்று பிரிகிற தரவுக்கு ஓர் உதாரணம் வேண்டும்தானே. ஒன்பதாம் கேள்வி, சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுகிறவரா. அது பிள்ளைகளைச் சிரிக்கவைக்கப் போட்டது.

முப்பத்தெட்டு வீடுகளிலிருந்து நூற்று அறுபத்து நாலு பேர் என் விரிதாளுக்குள் வந்தார்கள். அதைப் பாடத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். எட்டில் செவ்வாய். அம்மா கண்ணை மூடும்போது அவளை என் கையில்தான் தந்தவ. ஒரு தமக்கை செய்யவேண்டியதைத்தான் செய்தேன். நாற்பது வயதுக்கு மேல், கலியாணம் கட்டாத ஆண் என்று வடிகட்டினேன். ஐந்து பேர். அவர்களின் நேரங்களைப் பொருத்தம் பார்க்கும் ஆப்பில் போட்டேன். தங்கச்சியின் குறிப்பு கைவசம் இல்லாததால் என்னுடையதை வைத்தே பார்த்தேன். ஒரு வயிற்றுப் பிள்ளைகள், பெரிய வித்தியாசம் வராது. இரண்டு பேர் பொருந்தினார்கள். அதில் ஒருவர் கோப்பை கழுவாதவர்.

மற்றவர்தான் ஆரணியின் சித்தப்பா அருட்செல்வன். நாற்பத்து மூன்று வயது. நல்லூரில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் திருத்துகிறவர். ஆரணியின் தகப்பன் கட்டாரில், தாய் ஆஸ்பத்திரியில் மாறி மாறி வேலை. எனவே பாதுகாவலர் அவர்தான்.

அதற்கு முதலே நான் ஒரு முறை வைத்திருந்தேன். புதன்கிழமை நிகழ்நிலைப் பரீட்சை. ஐம்பதுக்குக் குறைந்தால் பாதுகாவலரின் போனுக்குத் தானாகச் செய்தி போகும், வெள்ளி இரண்டரைக்கு வந்து ஆசிரியரைச் சந்திக்கவும் என்று. பின்னூட்டல் வீட்டுக்கும் போகவேண்டும் என்று பயிற்சிப் பட்டறைகளில் நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள். சிக்கல் என்னவென்றால், ஆரணி தொண்ணூறுக்குக் கீழே இறங்காத பிள்ளை.

ஆகவே அவளுக்குப் போகிற படிவத்தில் மட்டும் சரியான விடைகளைப் பிழையாக மாற்றி வைத்தேன். தனியாள் கணிப்பீடு என்று அதற்குப் பெயர் சொல்லலாம். முதற்கிழமை முப்பத்தெட்டு.

வெள்ளிக்கிழமை அவர் வந்து, பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தார்.

"ரீச்சர், மோட்டருக்குக் கம்பி எத்தினை சுற்றெண்டு எனக்கு இவள்தான் கணக்குப் பாத்துத் தாறவள். இஞ்சை எப்பிடி முப்பத்தெட்டு?"

"அதைத்தான் நாங்கள் ரெண்டுபேரும் யோசிக்கவேணும். அடுத்த வெள்ளியும் வாங்கோ."

போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்துபோய்க் குழாயடியில் கப்பைக் கழுவி வைத்தார். கிடைத்த தரவை நேரில் சரிபார்ப்பதும் பாடத்தின் ஒரு பகுதி.

இப்படி எட்டுக் கிழமை. தங்கச்சியைப் பற்றிச் சொல்ல ஒவ்வொரு வெள்ளியும் நினைப்பேன், நேரம் போதாது. இதற்கிடையில் ஆரணியின் தாய் அவளைக் கண் டொக்டரிடம் காட்டினா. நல்லூரில் நேர்த்தியும் வைத்தா. பிள்ளை தனக்குக் கணக்கு வராது, கலைப்பிரிவுக்குப் போகிறேன் என்று அழுதாளாம். அவளின் கண்ணில் குறையில்லை என்று என்னால் சொல்லியிருக்க முடியும். ஆனால் அந்தக் கிழமை நான் புதுச்சேலை எடுத்திருந்தேன்.

பிறகு ஒப்படை வந்தது. இரண்டு மாறிகளுக்கு இடையிலான தொடர்பை வரைபில் காட்டுக. அன்று பள்ளி அதிபர் பாடம் பார்க்கப் பின்வரிசை வாங்கில் இருந்தா. ஆரணி எழும்பி வந்து வரைபை ஒட்டினாள்.

"சித்தப்பா ஊரிலை நிண்ட கிழமையள், முப்பத்தெட்டு, நாப்பத்தொண்டு, நாப்பது, நாப்பத்துநாலு, முப்பத்தொன்பது, நாப்பத்திரண்டு. அவர் கொழும்புக்குப் போன கிழமை தொண்ணூத்தாறு. காய்ச்சலாய்க் கிடந்த கிழமை தொண்ணூத்தெட்டு. ரீச்சர், ரெண்டுக்கும் தொடர்பு இருக்கு. காரணம் என்னெண்டு நான் சொல்லேல்லை. அதை நீங்கள்தான் சொல்லவேணும்."

வகுப்பு சிரித்தது. அதிபர் சிரிக்கவில்லை. நான் அந்த ஒப்படைக்கு நூறு போட்டேன். காய்ச்சல்காரரை வரவழைக்காத என் மனிதத்தன்மையும் அந்த வரைபில் இருப்பதைக் கவனியுங்கள்.

போன வெள்ளி, செய்தி ஏதும் போகாமலே அவர் வந்தார். கையில் அந்த வரைபு.

"ரீச்சர், உங்கடை ஒன்பதாம் கேள்வி பிழை. வீட்டிலை கோப்பை கழுவுறது ஆரணி. படிவம் நிரப்பேக்கை 'கழுவுவார் எண்டு போடு' எண்டு நான்தான் சொன்னனான்."

"அப்ப இஞ்சை கழுவினது?"

"இஞ்சை மட்டும்தான்" என்றார். வரைபை மேசையில் வைத்துவிட்டு, "முதல்லை அவளின்ரை மாக்ஸைத் திருத்துங்கோ. பிறகு தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

அதனால்தான் ஐயா இந்த அவசரம். புள்ளிகளை மாற்றியது நான், உதயகலா. எவரும் தூண்டவில்லை. கையெழுத்தும் வைக்கிறேன்.

ஆனால் தங்கச்சியிடமும் வாக்குமூலம் எடுக்கவேண்டும் என்கிறீர்களே, அது மட்டும் வேண்டாம். அவள் கலியாணம் கட்டிக் கனடா போய்ப் பதினொரு வருசம், இரண்டு பிள்ளைகள். இவ்வளவும் தனக்காகத்தான் செய்தேன் என்று அறிந்தால் பாவம், மனம் தாங்கமாட்டாள்.